அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களுக்காக வேலை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுயிர் சூழலியல் படிக்க நினைக்கும் மாணவர்கள், பிள்ளை இந்தப் பக்கம் போகிறேன் என்கிறதே என்று யோசிக்கும் பெற்றோர், வேறு வேலையில் இருந்துகொண்டே இதற்குள் வர ஆசைப்படுபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. முக்கியமானவற்றுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

காட்டுயிர் சூழலியலாளருக்கு உண்மையில் என்ன வேலை?

ஓர் உயிரினம் குறைகிறதா, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, எதனால் குறைகிறது. இந்த மூன்றுக்கும் நம்பத்தகுந்த விடை தேடுவதுதான் வேலை. விலங்கை நேரில் பார்க்கும் நேரம் மிகக் குறைவு. அதன் எச்சம், கால்தடம், மரப்பட்டையில் விட்ட கீறல், ஒலிப்பதிவு, கேமராவில் விழுந்த படம் ஆகியவற்றோடுதான் பெரும்பாலான பொழுது போகும். அப்புறம் கணினி. களத்தில் ஒரு மாதம் சேர்த்த தரவைச் சரிபார்த்து, பகுத்து, எழுதி முடிக்கப் பல மாதங்கள் பிடிக்கும்.

மூன்று கேள்விகளில் மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சூழலியலாளர் கிரேம் காக்லி 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். எண்ணிக்கை சிறுத்துப்போனதால் ஓர் உயிரினத்துக்கு வரும் ஆபத்துகள் ஒரு வகை. அந்த எண்ணிக்கையைச் சிறுக்க வைத்த காரணம் வேறு வகை. நம் துறை முதல் வகையில் கோட்பாடுகளை வளர்த்துக்கொண்டே போய், இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தைப் போதுமான அளவு வளர்க்கவில்லை என்பது அவர் வாதம். இன்றைக்கும் அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. காரணம் தெரியாமல் செய்யும் பாதுகாப்பு, எவ்வளவு பணம் கொட்டினாலும், பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது.

ஓர் உயிரினம் அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

உலக அளவில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது ஐயுசிஎன் எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலை. 1964-ல் தொடங்கியது. மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்புள்ள இனம் என்று, கடுமை இறங்கும் வரிசையில், அதில் மூன்று ஆபத்துநிலைகள் உண்டு. முடிவு செய்ய எண்ணளவிலான வரையறைகள் இருக்கின்றன. உதாரணமாக, இனப்பெருக்க வயதை எட்டியவை 50-க்கும் குறைவு என்றால் மிக அருகிய இனம். 250-க்கும் குறைவு என்றால் அருகிய இனம்.

எண்ணிக்கை ஒரு வழி மட்டும்தான். குறையும் வேகம், பரவியிருக்கும் நிலப்பரப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பல்லாயிரக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஓர் இனமும், 10 ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைகளிலோ (எது நீளமோ அது) 80 விழுக்காடு குறைந்திருந்தால், மிக அருகிய இனமாகலாம். "இத்தனை இருக்கிறதே, எதற்கு இந்தப் பதற்றம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

காட்டில் இருக்கும் விலங்குகளை எப்படி எண்ண முடிகிறது?

எண்ணுவதில்லை, கணிக்கிறோம். புலி, சிறுத்தை போன்ற உடல் குறியுள்ள விலங்குகளுக்குக் கேமரா ட்ராப் வைக்கிறோம், அதாவது எதிரே ஏதாவது நகர்ந்தால் தானாகவே படமெடுக்கும் கேமரா. ஒவ்வொரு புலியின் வரியும் தனி. அதிலும் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறுவேறு. அதனால் பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு கேமரா. முழங்கால் உயரத்தில் மரத்தோடு சேர்த்துக் கட்டி, எதிரே இருக்கும் புல்லையும் தொங்கும் கிளையையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் சூடான இலை காற்றில் ஆட ஆட, கேமராவின் மெமரி கார்டு முழுக்க வெறும் இலைப் படமாக நிறைந்துவிடும். கட்டி முடித்தபின் ஒருவர் நான்கு காலில் தவழ்ந்து கேமரா முன்னால் போய்வர வேண்டும், புலி உயரத்தில் படம் விழுகிறதா என்று பார்க்க. தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கடைசி வேலை. அது தப்பினால் படம் இருந்தும் பயனில்லை.

கணக்கு இப்படி: முதல் சுற்றில் 20 தனி விலங்குகள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் 20 பதிவாகி, அவற்றில் 10 ஏற்கெனவே பார்த்தவை. அப்படியானால் ஒரு சுற்றில் நம் கண்ணில் படுவது சுமார் பாதி. ஆகவே மொத்தம் 40-ஐ ஒட்டி இருக்கலாம். இன்று பயன்படுத்தும் முறைகள் இதைவிடச் சிக்கலானவை, ஆனால் அடிப்படை இதுதான். நாம் பார்த்தது எவ்வளவு என்பதோடு, நாம் பார்க்கத் தவறியது எவ்வளவு என்பதையும் கணக்கிட வேண்டும். உடல் குறி இல்லாத விலங்குகளுக்கு எச்சத்திலிருந்து எடுக்கும் டிஎன்ஏ, நேர்கோட்டில் நடந்து தென்படும் விலங்குக்கு உள்ள தூரத்தை அளப்பது, ஒலிப்பதிவு என்று வேறு வழிகள் உண்டு.

குறைவதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா? காடழிப்பும் வேட்டையும்தானே?

பல நேரங்களில் அவைதான். ஆனால் "வழக்கமான காரணம்தான் இருக்கும்" என்று முடிவுகட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாறுக் கழுகுகளின் கதையைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வெண்முதுகுப் பாறு 1980-களில் உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளிலேயே மிக அதிகமாக இருந்த ஒன்று என்று கருதப்பட்டது. கால்நடைச் சடலம் கிடந்த இடமெல்லாம் கூட்டமாக இறங்கும். 1990-களின் பின்பாதியில், ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவை வேகமாகக் குறைவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் கவனித்தார். பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும், பிறகு விழுந்து இறந்துகிடக்கும். இரைக்குப் பஞ்சமில்லை. கூடு கட்டும் மரங்களும் இருந்தன. யாரும் வேட்டையாடவும் இல்லை. இவ்வளவு பரவலாகச் சாகிறதே என்று முதலில் வைரஸ் மீதுதான் சந்தேகம் போனது.

இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, பலவற்றின் ஈரல் மேலும் இதயம் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. கிருமிகளைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லிகளைத் தேடினார்கள், கன உலோகங்களைத் தேடினார்கள். எதுவும் பொருந்தவில்லை. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு வேறொரு கேள்வி கேட்டது: பாறுகள் உண்பது ஏறக்குறைய கால்நடைச் சடலங்களை மட்டும்தான் என்றால், அந்தக் கால்நடைகளுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் விசாரித்ததில் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி வெளிப்பட்டது. அந்த வெள்ளைப் படிவு இருந்த எல்லாப் பறவைகளின் சிறுநீரகத்திலும் அது இருந்தது. படிவு இல்லாத பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-ல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வெளியானது.

பிறகு நடந்த கணக்கீடு இன்னும் அதிர வைத்தது. சடலங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்குப் போதும். ஒரே சடலத்தில் எத்தனையோ பறவைகள் உண்கின்றன, ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது, யோசித்தால் புரியும். இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் 2006-ல் தடை செய்தன. தடை மட்டும் போதவில்லை. வலியில் இருக்கும் மாட்டுக்கு மாற்று மருந்து வேண்டுமல்லவா? மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கில்லாதது என்று சோதித்து உறுதி செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-ல் இந்தியாவில் மனிதருக்கான ஊசி மருந்து 3 மில்லி குப்பியில் மட்டுமே வரவேண்டும் என்று விதி வந்தது. பாறுகள் இன்னும் மீண்டு வரவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் போயிருந்தால், கூண்டில் வளர்த்து வெளியே விட்டு, அவை அதே சடலங்களைத் தின்று சாவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

கடைசியில் மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்துப் பெருக்கினால் போதாதா?

சில நேரங்களில் அதைத் தவிர வழியே இல்லை. பாறு போலவே சடலம் உண்ணும் பெரிய பறவையான கலிஃபோர்னிய காண்டோர் 1987-ல் மொத்தமே 27. அத்தனையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்து, 1992-லிருந்து மறுபடி வெளியே விட்டார்கள். குஞ்சுகள் மனிதரைப் பெற்றோர் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, காண்டோர் தலை போலச் செய்த கைப்பொம்மையால் ஊட்டினார்கள். இன்று அவை மீண்டும் பறக்கின்றன. ஆனால் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன இரைகளில் இருக்கும் ஈயக் குண்டுத் துணுக்குகள் இன்றும் அவற்றைக் கொல்கின்றன. வளர்ப்பதில் வெற்றி, காரணத்தை நீக்குவதில் பாதி வழி.

நியூசிலாந்தின் சாதம் தீவுகளில் கருப்பு ராபின் என்ற சின்னப் பறவை 1980-ல் ஐந்துதான் இருந்தது. அவற்றில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவந்த பெண் பறவை ஒன்றே ஒன்று. காலில் போட்ட வளையத்தின் நிறத்தை வைத்து ஓல்ட் ப்ளூ என்று அழைத்தார்கள். டான் மெர்டனின் குழு அதன் முட்டைகளை எடுத்து வேறு இனப் பறவையின் கூட்டில் வைத்தது; ஓல்ட் ப்ளூ மறுபடி முட்டையிட்டது. இன்றிருக்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட பறவைகளும் அதன் வழிவந்தவை.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. சில பெண் பறவைகள் கூட்டின் விளிம்பிலேயே முட்டையிட்டன. விளிம்பு முட்டை பொரியாது. ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலம் என்பதால் களப்பணியாளர்கள் அவற்றை உள்ளே தள்ளிவைத்தார்கள். அந்தப் பழக்கம் மரபு வழி வருவது. உதவி கிடைத்ததால் அது பரவி, 1980-களின் முடிவில் பாதிப் பெண் பறவைகள் விளிம்பில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. உதவியை நிறுத்திய பிறகே படிப்படியாகக் குறைந்தது. அந்த நிலைமையில் நானும் முட்டையை உள்ளே தள்ளித்தான் வைத்திருப்பேன். ஆனால் எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று இதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

சிறிய கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் மரபணுச் சிக்கல் வராதா?

வரும். அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமாக்கள் (பூனைக் குடும்பத்து விலங்கு) 1990-களின் தொடக்கத்தில் 20 முதல் 30 வரைதான் இருந்தன. மடங்கிய வால், இதயக் குறைபாடு, விரை கீழிறங்காத ஆண்கள் என்று நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்ததன் அடையாளங்கள் தெரிந்தன. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குறைபாடுகள் குறைந்தன, எண்ணிக்கை சுமார் மூன்று மடங்கானது. இதை மரபணு மீட்பு என்கிறோம். எல்லா இடத்திலும் செய்யக்கூடியதில்லை, ஆனால் செய்யத் தயங்கித் தயங்கியே இனத்தை இழப்பதைவிட மேல்.

முழுத் தரவும் கிடைக்கும்வரை காத்திருப்பதுதானே அறிவியல்?

இல்லை. கிறிஸ்துமஸ் தீவின் பிபிஸ்ட்ரல் வௌவால் சில கிராம் எடை மட்டுமே உள்ள உயிர். அதன் எண்ணிக்கை சரிவதை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தார்கள். மிஞ்சியவற்றைப் பிடித்து வளர்க்க வேண்டும் என்ற பரிந்துரை 2006-லேயே வந்தது. ஆஸ்திரேலிய அரசின் ஒப்புதல் 2009 ஜூலையில்தான் கிடைத்தது. ஆகஸ்டில் குழு போய்ச் சேர்ந்தபோது மீயொலி கருவியில் கேட்டது ஒரே ஒரு வௌவாலின் குரல். அதைப் பிடிக்க முடியவில்லை. 2009 ஆகஸ்ட் 26-ம் தேதிக்குப் பிறகு அந்தக் குரலும் பதிவாகவில்லை. 2017-ல் அற்றுப்போன இனம் என்று அறிவித்தார்கள்.

அதன் சரிவுக்கு என்ன காரணம் என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. காரணம் முக்கியம் என்று மேலே அவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரில்லை என்பதால்தான். காரணம் தேடுவது ஒரு பக்கம் நடக்க, தேடுவதற்கு உயிர் மிஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு பக்கம் நடக்க வேண்டும். எந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் யார் என்ன செய்வது என்று கண்காணிப்பு தொடங்கும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அப்படி ஒரு வரி இல்லாத கண்காணிப்புத் திட்டத்தை நான் அரைகுறையாகத்தான் பார்க்கிறேன்.

உள்ளூர் மக்களோடு வேலை செய்வது இந்தத் துறையில் எவ்வளவு முக்கியம்?

பாதி வேலை அதுதான். அசாமில் ஹர்கிலா என்று அழைக்கப்படும் பெருநாரை, வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் உயர்ந்த மரங்களில் கூடு கட்டுகிறது. எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டுகளும் முற்றத்தில் விழும், நாற்றம் தாங்காது. மக்கள் மரத்தை வெட்டினார்கள். பூர்ணிமா தேவி பர்மன் என்ற உயிரியலாளர் அந்த வீடுகளின் பெண்களிடம் போனார். அவர்களைத் திரட்டினார். பறவை கூடு கட்டும் காலத்தில், கருவுற்ற பெண்ணுக்குச் செய்வதுபோல வளைகாப்பு விழாவே நடத்தினார்கள். ஹர்கிலா உருவத்தைத் துணியில் நெய்து விற்கத் தொடங்கினார்கள். அருகிய இனமாக இருந்த பெருநாரை 2023-ல் சிவப்புப் பட்டியலில் ஆபத்து குறைந்த நிலைக்கு மாறியது.

கூட்டிலிருந்து குஞ்சு விழுவது ஒரு பிரச்சினை, மரம் வெட்டப்படுவது அதைவிடப் பெரிய பிரச்சினை. இரண்டுக்கும் தீர்வு அந்த மரத்தின் சொந்தக்காரரிடம்தான் இருந்தது. மக்களுக்கு "விழிப்புணர்வு ஊட்டுவது" என்று நம் ஆட்கள் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். காட்டோரத்தில் வாழ்பவர்களுக்கு விலங்குகளைப் பற்றித் தெரிந்ததில் ஒரு பங்குதான் நமக்குத் தெரியும். முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

என்ன படிக்க வேண்டும்?

இளங்கலையில் விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல், கால்நடை மருத்துவம் எதுவானாலும் சரி. முதுகலையில் காட்டுயிர் அறிவியல் அல்லது சூழலியல். சொந்தமாக ஆய்வை வடிவமைத்து நடத்த விரும்பினால் முனைவர் பட்டம் தேவைப்படும். களத்தில் வேலை செய்தால் போதும் என்றால் கட்டாயமில்லை.

பாடத்திட்டத்தைவிட முக்கியமாக ஒன்று: புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள். இந்தத் துறைக்கு வருபவர்களில் பலர் கணக்கிலிருந்து தப்பித்துக் காட்டுக்கு வருகிறார்கள். காட்டில்தான் கணக்கு அதிகம். ஆர் (R) என்ற நிரல்மொழியில் தரவைப் பகுக்கவும், ஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடம் போடவும் கற்றுக்கொண்டால் வேலை தேடும்போது நன்றாகக் கைகொடுக்கும். தெளிவாக எழுதவும் தெரிய வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? நிலையானதா?

பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், வனத்துறைகள், தொண்டு நிறுவனங்கள், உயிரியல் பூங்காக்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள். முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஊதியமில்லாத "அனுபவ வாய்ப்பு" பற்றிக் கேட்கிறார்கள். கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போவது வேறு. மாதக்கணக்கில் முழுநேர வேலை வாங்கிக்கொண்டு சம்பளம் தராத இடத்துக்குப் போகாதீர்கள். அப்படிப் போக வசதியுள்ளவர்கள் மட்டுமே இந்தத் துறையில் மிஞ்சுவது துறைக்கே நல்லதில்லை.

விலங்குகள் மீது அன்பு இருந்தால் போதாதா?

அன்பு வேண்டும், அது இல்லாமல் இவ்வளவு பாடு யாரும் படமாட்டார்கள். ஆனால் தீவில் கூடு கட்டும் கடற்பறவையைக் காக்க, அங்கே மனிதர் கொண்டுவிட்ட எலிகளைக் கொல்ல வேண்டி வரும். காயம்பட்ட ஒரு விலங்குக்குச் சிகிச்சை தருவதா, அதே பணத்தில் வாழிடத்தை மீட்பதா என்று முடிவெடுக்க வேண்டி வரும். தனி உயிரைக் காப்பவரும் இனத்தைக் காப்பவரும் ஒரே திசையில் போகாத தருணங்கள் உண்டு. எலியின் உயிரும் உயிர்தான் என்று உணர்ந்துகொண்டே அந்த முடிவை எடுப்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

தொடர்ந்து இழப்பையே பார்ப்பது மனதைப் பாதிக்காதா?

பாதிக்கும். மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் வெளியீட்டுக் கட்டுரை ஒரு சரிவின் வரைபடமாக இருக்கும்போது, அதற்குப் பாராட்டு வாங்குவதே உறுத்தும். மீட்டது திரும்பவும் போவதும் உண்டு. அரேபிய ஆரிக்ஸ் என்ற மறிமான் 1972-ல் காட்டில் அற்றுப்போனது. 1982-ல் ஓமானில் மறுபடி விடப்பட்டு நானூறு வரை பெருகியது. 1990-களின் பின்பாதியில் திருட்டு வேட்டையால் அங்கே மீண்டும் சரிந்தது. 2007-ல் ஓமானில் அவை வாழ்ந்த சரணாலயத்தின் பரப்பு 90 விழுக்காடு சுருக்கப்பட, யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். ஆனாலும் வேறு நாடுகளில் வேலை நிற்கவில்லை. 2011-ல் ஆரிக்ஸ் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்ற நிலைக்கு ஏறியது. காட்டில் அற்றுப்போன ஓர் இனம் அந்த நிலை வரை மீண்டது அதுவே முதல் முறை.

ஒரே இனத்தை நம்பியிருக்காமல், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு திட்டத்திலும் கொஞ்சம் கைகொடுங்கள். சக பணியாளர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தேவைப்பட்டால் மனநல உதவி பெறுங்கள்.

வேறு துறையில் இருக்கிறேன். இனிமேல் வர முடியுமா?

முடியும். புள்ளியியலாளர், வழக்கறிஞர், மென்பொருளாளர், கால்நடை மருத்துவர் எல்லோருக்கும் இங்கே இடம் இருக்கிறது. பாறுகளின் கதையில் விடை கிடைத்தது மருந்துக் கடையில் விசாரித்ததால் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு அனுமதியும் கருவியும் வேண்டாம். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே பாதையில் ஒரே நேரத்தில் தொடர்ந்து நடந்து, பார்த்ததை எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம் எல்லாம் வேண்டும். ஒன்றும் தென்படாத நாளையும் கட்டாயம் எழுதுங்கள். பறவைகளை இபேர்ட் (eBird) என்ற இணையதளத்தில் பதிவிடுவதாக இருந்தால், உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா என்று அது கடைசியில் கேட்கும். "ஆம்" என்று பதில் தரக்கூடிய பட்டியலாகவே கொடுங்கள். பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர்களால் எடுத்துக்கொள்ள முடிவது அந்த ஒரு பதிலால்தான்.